விரல் கேளாத ஆசான்

ஏகலைவன் கதையை அறியாத தமிழ் மாணவர் எவரும் இரார். வேடர் குலச் சிறுவன் ஒருவன் வில்வித்தை கற்க விரும்பித் துரோணரிடம் சென்றான். அவர் மறுத்தார். காட்டிற்குத் திரும்பிய அவன், அவருடைய உருவத்தை மண்ணால் சமைத்து, அதன் முன் நின்று தானே பயின்றான். அருச்சுனனையும் விஞ்சும் நிலையை அவன் எய்தியபோது துரோணர் அவனைத் தேடி வந்தார், தாம் கற்பிக்காத கல்விக்குக் காணிக்கையாக வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டார், அவனும் கொடுத்தான். பள்ளிகளில் இக்கதையைச் சொல்லும்போது மாணவனின் குருபக்தியையே நமக்குப் பெரிதாக எடுத்துக்காட்டினார்கள். ஆசிரியரைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பிய நாடகம் ஒன்று 1947ஆம் ஆண்டில் கன்னடத்தில் வெளிவந்தது. ‘பெரள்கெ கொரள்’ என்பது அதன் பெயர். கன்னடத்துப் பெரள் நம் விரல்தான்; கொரள் என்பது கழுத்து. விரலுக்குக் கழுத்து என்பது தலைப்பின் பொருள். மாணவனின் விரலைக் கேட்டுப் பெற்ற ஆசான், பின்னொரு நாள் போர்க்களத்தில் தம் கழுத்தையே கொடுக்க நேர்ந்தது என்னும் எண்ணம் அத்தலைப்பிலேயே அடங்கிக் கிடக்கிறது.

அந்நாடகத்தை எழுதியவர் குவெம்பு. நாம் நாள்தோறும் நடமாடும் மானச கங்கோத்ரி வளாகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. நம்மில் பலர் அவரைக் கவிஞராக மட்டுமே அறிவோம். நானும் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து விலங்கியல் ஆய்வு மாணவனாக இங்கு வந்த புதிதில் அவ்வாறே அறிந்திருந்தேன். கன்னட நண்பர்களின் துணையோடு அவர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னர்தான், அது ஒரு மாணவரின் வரலாறாகவும் ஓர் ஆசிரியரின் வரலாறாகவும் எனக்குத் தோன்றலாயிற்று. அவ்விரண்டையும் நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறேன்.

குப்பளி வெங்கடப்ப புட்டப்பா என்னும் முழுப்பெயர் கொண்ட குவெம்பு, 1904ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 29ஆம் நாள், தாயின் ஊராகிய ஹிரேகொடிகெயில் பிறந்தார். வளர்ந்தது சிமோகா மாவட்டம் தீர்த்தஹள்ளி வட்டத்திலுள்ள குப்பளி என்னும் ஊரில். மலையும் மழையும் அடர்ந்த காடும் சூழ்ந்த மலைநாடு அது. தந்தை வெங்கடப்ப கௌடர், தாய் சீதம்மா. உழவுத் தொழில் செய்யும் ஒக்கலிகர் குடும்பம். தொடக்கக் கல்வி வீட்டிலேயே, தென் கன்னடப் பகுதியிலிருந்து அமர்த்தப்பட்ட ஓர் ஆசிரியரிடம் நடந்தது. பிறகு தீர்த்தஹள்ளிப் பள்ளி. பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார். காட்டுப்பகுதிச் சிற்றூர்; படிப்பு என்பது தம் குலத்துக்குரியதன்று என்று பலரும் எண்ணியிருந்த காலம். அத்தகைய சூழலிலிருந்து ஒரு பையன் உயர்நிலைக் கல்விக்காக மைசூர் வந்து சேர்ந்ததே பெரிய செயல்தான்.

மைசூரில் வெஸ்லியன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் அவர் சேர்ந்தார். அக்காலத்தில் கற்றோரின் மொழி ஆங்கிலம். வேர்ட்ஸ்வொர்த், மில்டன், ஷெல்லி ஆகியோரின் பாடல்களில் தோய்ந்த அந்த மலைநாட்டு இளைஞரும் ஆங்கிலத்திலேயே கவிதை எழுதினார். 1922ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிறைவதற்கு முன்பே, ‘பிகினர்ஸ் மியூஸ்’ என்னும் ஆங்கிலக் கவிதை நூல் வெளிவந்தது. கன்னடத்தில் உயர்ந்த கவிதை எழுதுவது இயலாது என்ற எண்ணமே படித்த இளைஞர்களிடையே அன்று வேரூன்றியிருந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை.

1924ஆம் ஆண்டில் ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் மைசூருக்கு வந்திருந்தார். பெல்பாஸ்டில் பிறந்து, அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று 1915இல் இந்தியாவுக்கு வந்து, மதனப்பள்ளிக் கல்லூரியில் ஆசிரியப்பணி புரிந்தவர் அவர். குவெம்பு தம் ஆங்கிலக் கவிதைகளை அவரிடம் காட்டினார். கசின்ஸ் அவற்றைப் படித்துப் பார்த்துவிட்டு, தாய்மொழியில் எழுதும்படி அந்த மாணவருக்கு அறிவுரை கூறினார். அந்தச் சந்திப்பு குவெம்புவின் வாழ்வைத் திருப்பியது. அதன் பின் அவர் எழுதியது கன்னடத்தில்.

இச்செய்தியைப் பலரும் மொழிப்பற்றுக்குச் சான்றாகக் கூறுவர். நான் இதனை ஆசிரியத்துக்குச் சான்றாகக் கருதுகிறேன். கசின்ஸ் எழுதியது ஆங்கிலத்தில். ஆங்கிலம் வந்து தன் பழைய மொழியைப் பெரிதும் இழந்த நாடு அவருடைய அயர்லாந்து. தம்மைப் போலவே எழுத முயலும் ஓர் இளைஞரைப் பாராட்டித் தம் பின்னால் நிறுத்திக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மாணவர் தம்மைப் போல் ஆகவேண்டும் என்று அவர் விரும்பவில்லை. மாணவரிடம் முன்பே உள்ளது எது என்று பார்த்தார். பெரிய ஆசிரியர்களும் பலவேளை தவறிவிடும் இடம் இது.

குவெம்பு மகாராஜா கல்லூரியில் சேர்ந்த காலத்து மைசூரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் நிறுவப்பட்டது. ஆங்கிலேயர் நேராக ஆண்ட பகுதிகளுக்கு வெளியே இந்தியாவில் தோன்றிய முதற் பல்கலைக்கழகம் இது. ஆனால் கல்வியும் அரசுப் பதவிகளும் பெரும்பாலும் ஒரு வகுப்பாரிடமே குவிந்திருந்தன. இதனை ஆராய மன்னர் 1918இல் நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். ஏழாண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிற்பட்ட வகுப்பார் அமரவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புரிமை ஆணையைப் பிறப்பித்ததும் 1921இல், ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

இத்தகைய ஆணைகள் இன்றியமையாதவை. அவை வாயிலைத் திறந்துவிடும். ஆனால் வாயில் திறந்தவுடன் உள்ளே நுழைந்த மாணவன், அங்கே தனக்கு முன்னரே வந்து அமர்ந்திருப்போரின் பேச்சும் நடையும் பழக்கமும் தனக்குப் புதியனவாக இருக்கக் கண்டு திகைத்து நிற்கிறான். அவனை அழைத்து உட்காரவைத்துப் பேச ஓர் ஆசிரியர் வேண்டும். அதனைச் சட்டத்தால் செய்ய முடியாது. குவெம்பு இவ்வகையில் நற்பேறு பெற்றவர்.

அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் தலையாயவர் டி. எஸ். வெங்கண்ணய்யா. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் முதற் கன்னடப் பேராசிரியர் அவர். மற்றொருவர் பி. எம். ஸ்ரீகண்டய்யா. ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டே கன்னடத்தின் மறுமலர்ச்சிக்கு உழைத்தவர். ஆங்கிலப் பாடல்களைக் கன்னடத்தில் பெயர்த்துப் புதுக்கவிதைக்கு வழிகாட்டியவர். இருவரும் அந்தணர் மரபினர். உழவர் குடியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் தங்கள் மொழியின் பெருங்கவிஞராக வளர்வதை அவர்கள் கண்டார்கள், மகிழ்ந்தார்கள், துணை நின்றார்கள். 1927இல் பல்கலைக்கழகத்தில் கன்னட எம்.ஏ. வகுப்புத் தொடங்கியபோது குவெம்பு அதில் சேர்ந்து 1929இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே மகாராஜா கல்லூரியில் கன்னட விரிவுரையாளரானார்.

கல்லூரிக்கு வெளியே அவருக்குத் துணையாக நின்றவர் மைசூர் இராமகிருஷ்ண ஆசிரமத்துச் சித்தேசுவரானந்த சுவாமிகள். கேரள நாட்டிலிருந்து வந்தவர். பின்னர் 1937இல் பிரான்சு சென்று பணியாற்றியவர். மாணவப் பருவத்திலேயே குவெம்புவை ஆசிரமத்தில் தங்கவைத்து, உறைவிடமும் உணவும் படிப்பதற்கு அமைதியும் கொடுத்தார். குவெம்பு அங்குப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். விடுதிக் கட்டணத்தை எண்ணி இரவெல்லாம் விழித்திருக்கும் மாணவனிடம் பெரிய நூல்களை எதிர்பார்க்க முடியுமா? அறிவுரை ஒருவர் தந்தார். கல்வி மற்றொருவர் தந்தார். சோறும் கூரையும் வேறொருவர் தந்தார். ஓர் அயர்லாந்துக்காரர், இரண்டு கன்னட அந்தணர், ஒரு மலையாளத் துறவி ஆகிய இவர்கள் சேர்ந்து ஓர் உழவர் மகனைத் தாங்கினார்கள். அவர்களுள் எவரும் அவரிடம் கட்டைவிரலைக் கேட்கவில்லை.

அந்நன்றியை அவர் மறக்கவில்லை. 1949இல் வெளிவந்த ‘ஸ்ரீ ராமாயண தர்சனம்’ என்னும் பெருங்காப்பியத்தைத் தம் ஆசான் வெங்கண்ணய்யாவுக்கே காணிக்கையாக்கினார். ஆசான் அப்போது உயிரோடு இல்லை, 1939இலேயே மறைந்துவிட்டார். அந்நூலுக்கு 1955இல் சாகித்திய அகாதெமிப் பரிசும், பின்னர் ஞானபீடப் பரிசும் கிடைத்தன. கன்னடத்துக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அதுவே.

ஆயினும் ஆசிரியர்பால் கொண்ட நன்றி, குலத்தின் பெயரால் நடந்த அநீதியைக் காணாதபடி அவர் கண்ணை மறைத்துவிடவில்லை. 1928இல் எழுதிய ‘ஜலகார’ நாடகத்தில், கோயிலுக்குள் புகாத துப்புரவுத் தொழிலாளி ஒருவனைத் தேடிச் சிவபெருமானே துப்புரவாளராக வருகிறார். 1944இல் வந்த ‘சூத்ர தபஸ்வி’ சம்புகன் கதை. அதில் இராமனின் அம்பு தவசியைக் கொல்வதில்லை. குற்றம் சாட்டியவரே தம் பிழையை உணர்கிறார். இதனை மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கடுமையாகக் குறை கூறினார். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்படும் மாஸ்தியின் வீட்டுமொழி தமிழ் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தி. பழங்கதையை இவ்வாறு மாற்றலாகாது என்பது அவர் கருத்து. குவெம்பு அதற்கு மறுமொழி எழுதினார். கற்கும் உரிமையைப் பற்றிய வழக்கு அது. மூன்றாண்டு கழித்து ஏகலைவனைப் பற்றிய நாடகமும் வந்தது.

இடையில் 1936இல் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குச் சென்ற அவர், 1946இல் மைசூருக்குப் பேராசிரியராகத் திரும்பினார். 1955இல் மகாராஜா கல்லூரியின் முதல்வரானார். 1956இல் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். மைசூர்ப் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் பெற்று அதன் துணைவேந்தராக உயர்ந்த முதல்வர் அவரே.

பதவிக்கு வந்தபின் என்ன செய்தார் என்பதே என் மனத்தில் முதன்மையான கேள்வி. கீழிருந்து மேலே வந்தவர்களில் சிலர், ஏறியவுடன் ஏணியை எடுத்துவிடுவதும் உண்டு. குவெம்பு பல்கலைக்கழகப் பணியை மூன்று அங்கங்களாக வகுத்தார். அத்தியயனாங்கம் என்பது கற்றலும் கற்பித்தலும். சம்சோதனாங்கம் என்பது ஆராய்ச்சி. பிரசாராங்கம் என்பது அறிவை மக்களிடம் கொண்டு செல்லுதல். முன்பே நடந்துவந்த ஊர்ப்புறச் சொற்பொழிவுகளுக்கும் மலிவு விலைச் சிறு நூல்களுக்கும் இந்த மூன்றாம் அங்கத்தில் நிலையான இடம் கிடைத்தது. கல்லூரிக்கு வர இயலாதவரும் பல்கலைக்கழகத்துக்கு உரியவரே என்பது இதன் பொருள்.

பயிற்றுமொழியைப் பற்றி அவர் கொண்ட உறுதியும் இதனோடு சேர்ந்ததே. ஆங்கிலத்தை அவர் பகைத்தவரல்லர்; அதன் கவிதையில் வளர்ந்தவர். ஆனால் சிற்றூர் மாணவன் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டிய வலிமையையெல்லாம் அயல்மொழியைச் சுமப்பதிலேயே செலவிடுகிறான் என்பதை அவர் கண்டார். அறிவியலையும் தாய்மொழியில் கற்பிக்க முடியும், கற்பிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார்.

அடுத்து மானச கங்கோத்ரி. நகரின் கல்லூரிகளில் இடநெருக்கடியோடு நடந்துவந்த முதுநிலைத் துறைகளுக்கென்று தனி வளாகம் வேண்டும் என்று கருதி, குக்கரஹள்ளி ஏரிக்கு அப்பால் இடம் கண்டார். 1960இல் வளாகம் பிறந்தது. மனம் என்னும் கங்கை ஊற்றெடுக்கும் இடம் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியவரும் அவரே. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உலாவுவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். அவ்வேரியைப் பற்றிக் கவிதைகளும் எழுதினார். இன்று மாலை வேளைகளில் நாம் உலாவும் கரை அதுவே.

அவர் வழியில் வந்த மாணவர்களைப் பார்த்தால் ஆசிரியத்தின் பயன் விளங்கும். ஜி. எஸ். சிவருத்ரப்பா சிகாரிபுர வட்டத்துச் சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். குவெம்புவின் மேற்பார்வையில் முனைவர் பட்டம் பெற்று, மைசூர், ஐதராபாத், பெங்களூர் ஆகிய இடங்களில் பேராசிரியராக இருந்து, 2006இல் ராஷ்டிரகவி எனச் சிறப்பிக்கப்பட்டார். குவெம்புவைத் தம் ஆசானாகப் போற்றிய தே. ஜவரே கௌடா, சென்னபட்டண வட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1969 முதல் 1975 வரை இதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். வெங்கண்ணய்யா ஒரு மாணவருக்குச் செய்தது, அம்மாணவர் வழியாகப் பலருக்குக் கிடைத்தது.

இங்கே என் மனத்தில் உள்ள ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விரல் கேட்கும் வழக்கம் பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. வேறோர் ஊரில், நான் முன்பு பயின்ற இடத்தில், சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி ஈராண்டு உழைத்துத் திரட்டிய அளவீடுகள் கட்டுரையாக வெளிவந்தன. அவள் பெயர் அதில் இல்லை. தமிழ்வழியில் பயின்று வந்த வேறொரு மாணவன் கருத்தரங்கில் எழுந்து ஆங்கிலத்தில் தடுமாறியபோது அவையே சிரித்தது. அதன் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. நானும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலைக் கண்ட முதல் ஆள். அந்த மௌனம் எத்தகையது என்று எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் கட்டைவிரல் என்பது ஒருவனின் உழைப்புக்குரிய பெயர். அவன் கேட்க நினைக்கும் கேள்வி. அவன் நாவில் உள்ள மொழி. அவற்றை வாங்கிக்கொண்டு பட்டத்தை மட்டும் கொடுப்பது கல்வியாகாது.

கன்னடத்துக்காக வாழ்ந்த ஒருவரைத் தமிழ் மாணவர் ஏன் கொண்டாடவேண்டும் என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். காவிரி நீரை ஒட்டிப் பூசல் எழும் நாட்களில் இவ்வூர்த் தெருவில் தமிழ் பேசத் தயங்கியவர்களுக்கு இக்கேள்வி இயல்பானதே. ஆனால் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் உலக மனிதனே, வளர வளர நாம்தாம் அதனைச் சாதியிலும் சமயத்திலும் கட்டிப்போடுகிறோம் என்பது குவெம்புவின் கொள்கை. தாய்மொழியைப் பற்றி அவர் சொன்னது கன்னடச் சிறுவனுக்கு மட்டும் உரியதன்று. அவர் உருவாக்கிய வளாகத்தில்தான் 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. நம் மொழியும் அங்கே ஆராயப்படுகிறது.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் மற்றொன்றும் கூற விரும்புகிறேன். குவெம்புவின் மகன் பூர்ணசந்திர தேஜஸ்வி 1980இல் ‘கர்வாலோ’ என்னும் புதினத்தை எழுதினார். கர்வாலோ ஓர் அறிவியலறிஞர். அவர் மதித்து உடன் அழைத்துச் செல்வது மந்தண்ணா என்னும் நாட்டுப்புற இளைஞனை. தேனீக்களோடும் காட்டோடும் பழகிய மந்தண்ணாவை ஊரார் ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணுகின்றனர். அறிஞரோ அவனைப் பிறவியிலேயே இயற்கை ஆய்வாளனாகக் காண்கிறார். அரிய பறக்கும் ஓணான் ஒன்றைத் தேடி அவர்கள் காட்டுக்குள் செல்கிறார்கள். தந்தை நாடகத்தில் எழுப்பிய கேள்விக்கு மகன் புதினத்தில் விடை எழுதியதாகவே எனக்குப்படுகிறது.

1960இல் ஓய்வு பெற்ற குவெம்பு, ஒண்டிகொப்பலில் உள்ள ‘உதயரவி’ என்னும் தம் இல்லத்தில் வாழ்ந்து, 1994ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் மறைந்தார். பிறந்த மண்ணாகிய குப்பளியில், கவிசைலம் என்னும் பாறைக் குன்றில் அவர் நினைவிடம் உள்ளது.

நண்பர்களே, நாம் இன்று மாணவர். நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் சூலை, ஆகத்து மாதங்களில் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து புதியவர்கள் பெட்டியும் படுக்கையுமாக இவ்வளாகத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவுவோம். ஆய்வுக்கூடத்தில் முதற் கருவியைத் தொடும்போது அருகில் நிற்போம். பாடத்தைத் தமிழில் விளக்கிவிட்டு, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கூறப் பழக்குவோம். அவர்கள் செய்த வேலையில் அவர்கள் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். இந்த வளாகத்தை நமக்கு விட்டுச்சென்றவருக்கு நாம் செலுத்தக்கூடிய காணிக்கை இதுதான்.